மாதம் பிறந்ததும் வரும் பட்டியல்

மாதத்தின் முதல் தேதி கார் கம்பெனிகள் போன மாதத்துக் கணக்கை வெளியிடும். இரண்டே நாளில் ‘அதிகம் விற்ற பத்து கார்கள்’ என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் மைத்துனர் ஒருமுறை அதை எனக்கு அனுப்பி, கீழே ஒரு வரி போட்டிருந்தார்: “மாமா, மொதல்ல இருக்கறதையே எடுத்துடட்டுமா?”

அசட்டுத்தனமான கேள்வி இல்லை. நாலு பேர் வாங்குவதை நாமும் வாங்கினால் பெரிய தப்பு நடந்துவிடாது என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. பாதி சரியான கணக்கு. மீதிப் பாதி அந்தப் பட்டியலை எப்படிப் படிக்கிறோம் என்பதில் இருக்கிறது. இந்த அத்தியாயம் அதற்குத்தான். எந்தக் காரை வாங்கலாம் என்று இங்கே சொல்லப் போவதில்லை.

மூன்று கடையிலும் நம்பர் ஒன்

2024 காலண்டர் ஆண்டில் இந்தியாவில் அதிகம் விற்ற கார் டாடா பஞ்ச். 2 லட்சத்து 2 ஆயிரம் வண்டிகள். மாருதி அல்லாத ஒரு கார் அந்த இடத்துக்கு வந்தது சுமார் நாற்பது ஆண்டுக்குப் பிறகு என்பதால் பத்திரிகைகள் அதைப் பெரிதாக எழுதின. கணக்கை ஏப்ரலில் ஆரம்பித்து மார்ச்சில் முடித்தால் கதை வேறு. 2024-25 நிதியாண்டில் முதலிடம் மாருதி வேகன் ஆருக்கு, ஏறக்குறைய 1 லட்சத்து 98 ஆயிரம். அதே நிதியாண்டின் கடைசி மாதமான 2025 மார்ச்சை மட்டும் தனியாக எடுத்தால் 18 ஆயிரம் வண்டிகளோடு ஹூண்டாய் க்ரெட்டா முன்னால் நிற்கும்.

ஆக, அந்த ஏப்ரலில் மூன்று ஷோரூமுக்குள் நுழைந்திருந்தால் மூன்று இடத்திலும் “இதுதான் சார் நம்பர் ஒன்” என்று சொல்லியிருப்பார்கள். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ‘எந்தக் காலத்துக் கணக்கு?’ என்று நாம் கேட்க வேண்டும்.

இன்னொன்று. முதலிடம் என்பதன் எடையே குறைந்துவிட்டது. 2010-11ல் மாருதி ஆல்டோ 3 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேல் விற்றது. அந்த ஆண்டு நாடு முழுவதும் விற்ற பயணிகள் வாகனங்கள் சுமார் 25 லட்சம். ஏழு வண்டிக்கு ஒன்று ஆல்டோ. 2024-25ல் மொத்தச் சந்தை 43 லட்சம். முதலிடத்தில் இருக்கும் வண்டி இருபதில் ஒன்றுகூட இல்லை. முதல் ஐந்து மாடல்களுக்கு நடுவே வருஷத்துக்கு சில ஆயிரம் வண்டிதான் வித்தியாசம். பஞ்ச், வேகன் ஆர், எர்டிகா, ப்ரெஸ்ஸா, க்ரெட்டா ஐந்தும் 2024ல் 1 லட்சத்து 86 ஆயிரத்துக்கும் 2 லட்சத்து 2 ஆயிரத்துக்கும் இடையில் அடைந்து கிடந்தன. ஒரு தொழிற்சாலை பத்து நாள் பராமரிப்புக்கு மூடினாலே மூன்றாவது ஐந்தாவதாகிவிடும். ஊரே ஒரு வண்டியை வாங்கிய காலம் போய்விட்டது. முதல் பத்தில் எந்த இடம் என்பதை மறந்துவிடுங்கள்; பத்துக்குள்ளோ இருபதுக்குள்ளோ இரண்டு மூன்று வருஷமாக நிலையாக இருக்கிறதா என்று பாருங்கள். அது போதும்.

இறங்கிய சரக்கும் விற்ற சரக்கும்

இதை மைத்துனருக்கு விளக்கச் சிரமமே படவில்லை. நாச்சியார்கோவில் பட்டறையிலிருந்து ஐம்பது குத்துவிளக்கு அவர் கடையில் இறங்கினால், பட்டறைக்காரருக்கு விற்பனை முடிந்துவிட்டது. இவருக்கு இன்னும் தொடங்கவே இல்லை. கார் கம்பெனிகள் முதல் தேதி சொல்வது பட்டறைக்காரர் கணக்கு: தொழிற்சாலையிலிருந்து டீலருக்குப் போன வண்டிகள். தயாரிப்பாளர் சங்கமான சியாம் வெளியிடும் எண்ணும் அதுதான். டீலர்கள் சங்கமான ஃபாடா வெளியிடுவது கடைக்காரர் கணக்கு. ஆர்டிஓ அலுவலகங்களில் பதிவாகி, ‘வாகன்’ தளத்தில் ஏறிய வண்டிகளை வைத்து எடுப்பது. அதிலும் ஓட்டை உண்டு. தெலங்கானாவின் பதிவுகள் நெடுங்காலம் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. இருந்தாலும் மக்கள் உண்மையில் என்ன வாங்கினார்கள் என்பதற்கு அதுதான் கிட்டத்தில் நிற்கும் சாட்சி.

இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் நாம் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒத்துப்போகாத நேரம்தான் வாங்குபவருக்கு நல்ல நேரம். 2024 செப்டம்பர் முடிவில் நாடு முழுவதும் டீலர்களிடம் விற்காமல் நின்ற கார்கள் சுமார் 7 லட்சத்து 90 ஆயிரம் என்று ஃபாடா சொன்னது. மதிப்பு 79 ஆயிரம் கோடி ரூபாய். 80 முதல் 85 நாள் வியாபாரத்துக்கான சரக்கு. மூன்று வாரச் சரக்கு போதும் என்பது அவர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் அளவு. நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் டீலர் வங்கிக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். அந்த மாதத்துக் கம்பெனிக் கணக்கை மட்டும் பார்த்தவர்களுக்கு இவ்வளவு சரக்கு தேங்கி நிற்பது தெரிந்திருக்காது. ஷோரூமுக்குப் பின்னாலிருக்கும் யார்டை எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். தூசி படிந்த வண்டிகள் வரிசையாக நின்றன. தள்ளுபடியும் நின்றது.

அதனால் ஷோரூமில் “இந்த மாடல் எத்தனை விற்குது?” என்று கேட்காதீர்கள். “நான் கேட்கிற வேரியன்ட், நான் கேட்கிற கலர், இன்றைக்கு ஸ்டாக்கில் இருக்கா? எந்த மாதத் தயாரிப்பு?” என்று கேளுங்கள். “உடனே தர்றோம் சார்” என்று பதில் வந்தால் பேரத்துக்கு இடம் இருக்கிறது. “பன்னிரண்டு வாரம் ஆகும்” என்றால் இல்லை. விற்பனைப் பட்டியலின் மொத்தச் சாரமும் அந்த ஒரு பதிலில் இறங்கிவிடுகிறது.

ஒரே பெயருக்குள் எத்தனை கார்

பட்டியலில் ‘ஸ்கார்பியோ’ என்று ஒரு வரி இருக்கும். அதற்குள் ஸ்கார்பியோ என், ஸ்கார்பியோ கிளாசிக் என்று இரண்டு வேறு வேறு வண்டிகள். அடிச்சட்டம் வேறு, வடிவம் வேறு, விலை வேறு. நெக்ஸான் எண்ணில் மின்சார நெக்ஸானும் சேரும். பஞ்சும் க்ரெட்டாவும் அப்படியே. இன்னோவா என்றால் டீசலில் ஓடும் க்ரிஸ்டாவும் ஹைப்ரிட் ஹைக்ராஸும் ஒன்றாகத்தான் எண்ணப்படும். டிசையரோடு டாக்சிக்கென்றே விற்கும் டூர் எஸ் சேர்ந்து வருவதுண்டு.

இதில் டாக்சி விஷயம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. டாக்சிக்காரர்கள் ஒரு வண்டியை விரும்புகிறார்கள் என்றால் மைலேஜ் நன்றாக இருக்கிறது, பட்டறைச் செலவு குறைவு, இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாங்குகிறது என்று பொருள். அதைவிடப் பெரிய நற்சான்று கிடையாது. ஆனால் அதே மாடலை செகண்ட் ஹேண்டில் தேடும்போது, மஞ்சள் போர்டு வெள்ளை போர்டாக மாறிய வண்டி கையில் விழும் வாய்ப்பும் அதிகம். ஆர்சியில் முந்தைய பதிவு வகையைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஓட்டுநர் சீட்டின் ஓரத் தையல், பிரேக் பெடலின் ரப்பர் இரண்டையும் தொட்டுப் பாருங்கள். மீட்டரில் 48 ஆயிரம் என்றும் பெடலில் ரப்பர் வழுக்கையாகவும் இருந்தால் மீட்டரை நம்ப வேண்டாம்.

நாலு மீட்டர் மகாத்மியம்

மக்கள் ஏன் குட்டை எஸ்யூவிகளாக வாங்குகிறார்கள் என்று கேட்டால் ரசனை மாறிவிட்டது என்பார்கள். ரசனைக்கு முன்னால் வரி இருக்கிறது. 2006 பட்ஜெட்டில் சின்னக் கார்களுக்குக் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். சின்னக் கார் என்பதற்கு இலக்கணம்: நீளம் 4 மீட்டருக்கு மிகக் கூடாது, பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசி, டீசல் 1,500 சிசி. அன்றிலிருந்து இந்தியக் கார்களின் வால் நறுக்கப்பட ஆரம்பித்தது. 2008ல் வந்த முதல் டிசையர் நாலு மீட்டரைத் தாண்டியிருந்தது. 2012ல் டிக்கியை வெட்டி உள்ளே கொண்டுவந்தார்கள். பார்க்க லட்சணமாக இல்லை என்று பலர் சொன்னார்கள், நானும் சொன்னேன். விற்பனை ஏறியது.

மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 2013ல் வந்து, நாலு மீட்டருக்குள் எஸ்யூவி தோற்றம் கொடுக்க முடியும் என்று காட்டியது. பிறகு ப்ரெஸ்ஸா, நெக்ஸான், வென்யூ, சோனெட், மேக்னைட், பஞ்ச், எக்ஸ்டர் என்று வரிசை கட்டின. 2024-25ல் விற்ற பயணிகள் வாகனங்களில் 65 சதவீதம் யுட்டிலிட்டி வகை என்று சியாம் கணக்கு சொல்கிறது. ஆனால் அந்த 65க்குள் 3,827 மில்லிமீட்டர் நீளமுள்ள பஞ்சும் அடக்கம். இப்போதைய ஸ்விஃப்ட் அதைவிட நீளம். பெயரில் எஸ்யூவி, உள்ளே சின்னக் கார்.

இதில் ஏமாற்று என்று எதுவும் இல்லை. பஞ்சின் அடிவயிறு தரையிலிருந்து 187 மில்லிமீட்டர், ஸ்விஃப்டுக்கு 163. அந்த ஓரங்குலத்தின் அருமை, தெருமுனையில் யாரோ ராத்திரியோடு ராத்திரியாகப் போட்ட வேகத்தடையில் தெரியும். இன்னொரு காரணம் எந்த விளம்பரத்திலும் வராது. மைத்துனரின் அம்மாவுக்கு மூட்டு வலி. ஸ்விஃப்ட் மாதிரி தாழ்ந்த வண்டியில் ஏற, முதலில் இடுப்பை உள்ளே இறக்கி, பிறகு ஒரு கையால் புடவைக் கொசுவத்தையும் இன்னொரு கையால் முழங்காலையும் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. வேகன் ஆரில் நாற்காலியில் உட்கார்வது போல உட்கார்ந்தார், கதவைத் தானே சாத்தினார். எஸ்யூவி அல்லாத வேகன் ஆர் இந்தக் காலத்திலும் உச்சியில் இருப்பதற்கு இப்படிப்பட்ட அம்மாக்களும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியிலும் அதே நாலு மீட்டர் இலக்கணம் பெரிய வித்தியாசம் செய்கிறது. சின்னக் கார்களுக்கு 18 சதவீதம், மற்றவற்றுக்கு 40. மின்சார வண்டிக்கு 5. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ப்ரெஸ்ஸா நாலு மீட்டருக்குள்தான் இருக்கிறது. ஆனால் அதன் பெட்ரோல் இன்ஜின் 1,462 சிசி. அதனால் 40. நெக்ஸான் டீசல் 1,497 சிசி. டீசலுக்கு வரம்பு 1,500 என்பதால் 18. நீளத்தை மட்டும் பார்த்து வரி குறைந்திருக்கும் என்று முடிவு செய்யாதீர்கள்.

எரிபொருள் பற்றி ஒரு பத்தி போதும். 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் கார்களை நிறுத்தியது. அந்த இடத்தைச் சிஎன்ஜி பிடித்துக்கொண்டு, 2024-25ல் விற்பனையில் டீசலையே முந்திவிட்டது. சிஎன்ஜி வாங்குவதற்கு முன் உங்கள் வீட்டிலிருந்து பங்க் எத்தனை கிலோமீட்டர், காலை ஏழு மணிக்கு அங்கே எத்தனை ஆட்டோ நிற்கிறது என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

பட்டியல் சொல்லாதது

பாதுகாப்பைப் பட்டியல் சொல்லாது. 2018ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியக் கார் நெக்ஸான். அதே அமைப்பு 2023ல் வெளியிட்ட முடிவில் வேகன் ஆருக்கு ஒரே ஒரு நட்சத்திரம். அதற்குப் பிறகும் 2024-25 வரை அது நிதியாண்டு முதலிடத்தை விடவில்லை. 2024 நவம்பரில் புதிய டிசையர் ஐந்து வாங்கி, மாருதியின் முதல் ஐந்து நட்சத்திரக் கார் ஆனது. அதிகம் விற்பது பாதுகாப்பானது என்ற எண்ணமும் தப்பு, அந்தக் கம்பெனி வண்டி எல்லாமே தகரம் என்ற பேச்சும் தப்பு. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் இருக்கிறது. சோதித்த தேதி என்ன, சோதித்த வண்டியில் எத்தனை ஏர்பேக் இருந்தது என்ற இரண்டையும் பார்த்துவிட்டு நட்சத்திரத்தை எண்ணுங்கள்.

பட்டியல் தெளிவாகச் சொல்வது ஒன்று உண்டு: நாளைக்கு இந்த வண்டிக்கு உதிரிபாகமும் ஆளும் கிடைக்குமா என்பது. இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். பத்து வருஷத்துக்கு முன் ஊரில் யாரும் வைத்திராத ஒரு காரை ஆசைப்பட்டு வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். ஓட்ட அருமையான வண்டி. மாதம் சில நூறுதான் விற்றது. மூன்றாம் வருஷம் அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள். ஒரு நாள் கல்யாண மண்டப வாசலில் யாரோ பின்னால் இடித்து இடது பின்விளக்கு உடைந்தது. சர்வீஸ் சென்டரில் ஆர்டர் போட்டு நாற்பது நாள் காத்திருந்தேன். சிவப்பு செல்லோடேப் ஒட்டிக்கொண்டுதான் ஊர் சுற்றினேன். விற்கப் போனபோது பழைய கார் வியாபாரி வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. “சார், வேகன் ஆர் வந்தா கஸ்டமர் எனக்குப் போன் பண்ணுவாங்க. இது வந்தா நான்தான் ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணணும்.” அந்தப் போன் செலவை என் விலையில் கழித்துக்கொண்டார்.

கம்பெனியே கிளம்பிப் போனதும் நடந்திருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவில் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அதனால் ஒரு மாடலின் எண்ணைப் பார்க்கும்போது அந்தக் கம்பெனியின் மொத்த எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் எத்தனை சர்வீஸ் சென்டர் என்றும், வெளியில் வேலை பார்க்கும் உங்கள் மெக்கானிக் அந்த வண்டியின் பானெட்டைத் திறந்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். அவர் உதட்டைப் பிதுக்கினால் யோசியுங்கள்.

ஆடி, டிசம்பர், பத்து லட்சம்

மாதக் கணக்கில் நம்மூர்ப் பஞ்சாங்கம் தெரியும். ஆடியில் டெலிவரி எடுக்க ஆளில்லை, மார்கழியிலும் தயங்குவார்கள். ஆயுத பூஜைக்கு முன்னால் டீலருக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆடியில் புக் செய்து, ஆடியின் விலைக்கே எழுதி வாங்கி, ஆவணியில் டெலிவரி எடுப்பதுதான் தெரிந்தவர்கள் செய்வது. டிசம்பர் தள்ளுபடி இன்னும் பெரிது, காரணமும் எளிது. ஜனவரி பிறந்தால் அந்த வண்டி போன வருஷத்து வண்டி. ஏழெட்டு வருஷம் வைத்திருப்பவர் தாராளமாக வாங்கலாம். மூன்று வருஷத்தில் மாற்றுபவருக்கு, இன்று கிடைத்த தள்ளுபடி அன்று விற்பனை விலையில் போய்விடும். தயாரிப்பு மாதமும் ஆண்டும் படிவம் 21 என்ற விற்பனைச் சான்றிதழில் இருக்கும். வாய்வார்த்தையாகச் சொன்னால் ஏற்காதீர்கள்.

தமிழ்நாட்டில் வாங்குபவர்களுக்கு இன்னொரு கணக்கு. 2023 நவம்பரிலிருந்து கார்களுக்கான வாழ்நாள் வரி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வருமான வரி போல அடுக்கடுக்காக அல்ல. முழு விலைக்கும் ஒரே விகிதம். 9 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700. 10 லட்சத்து 10 ஆயிரம் வண்டிக்கு 1,81,800. சன்ரூஃபுக்காக இருபதாயிரம் ரூபாய் மேலே போனவர் வரியில் மட்டும் ஐம்பத்து மூவாயிரம் கூடுதலாகக் கட்டுகிறார். எக்ஸ் ஷோரூம் விலை பத்து லட்சத்தை ஒட்டி நிற்கும் வேரியன்ட் என்றால், ஒரு படி கீழேயுள்ளதை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

மைத்துனர் கடைசியில் எடுத்தது பட்டியலில் ஏழாவதாக இருந்த கார். வீட்டு வாசலுக்கும் எதிர் வீட்டுத் திண்ணைக்கும் நடுவே டேப் பிடித்து அளந்து, அம்மாவை உட்கார வைத்துப் பார்த்து, யார்டில் இருந்த வண்டியையே கேட்டு வாங்கினார்.

நீங்கள் முன்பணம் கட்டும் நாளில் ரசீதில் வேரியன்ட், நிறம், தயாரிப்பு மாதம், டெலிவரி தேதி, புக்கிங்கை ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்ற ஐந்தையும் எழுதி, முத்திரை வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுத்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு அடுத்த டீலரிடம் போங்கள்.